மூன்று முறை புரியாவிட்டால்

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஓவர்லாக் மிசினுக்கு நூல் கோத்தது. ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி. மொத்தம் நாலு நூல். இரண்டு ஊசிக்கு, துணி ஓரத்தில் நூலைப் பின்னும் இரண்டு லூப்பருக்கு. வழக்கமாக அம்மா பழைய நூலின் முனையில் புது நூலை முடிந்து அப்படியே இழுத்துவிடுவாள். அன்று நூல் உள்ளேயே அறுந்திருந்தது. கீழ் லூப்பர் மிசினின் வயிற்றுக்குள் இருக்கிறது. இடுக்கியால் நூலைப் பிடித்து, ஒவ்வொரு துளையாக, வரிசை மாறாமல் கொண்டுபோக வேண்டும். அம்மாவுக்கு இரண்டு வருடமாக அந்தத் துளைகள் தெரிவதில்லை.

"வெரசாக் கோத்துக் குடு கண்ணு. இருவது டஜன் கெடக்குது."

"கண்ணாடிய மாத்தும்மா."

"மாத்துனா நீ எதுக்கு வருவே?"

கோத்து முடித்தேன். வெட்டுத் துணி ஒன்றை வைத்து ஓட்டிப் பார்த்தாள். தையல் விழுந்தது. தலையை ஆட்டினாள். பாராட்டு அவ்வளவுதான்.

அப்போது கருத்தம்மா வந்தார். திருப்பூர் மண்ணரையில் நாங்கள் இருக்கும் அதே லைன் வீட்டில், மூன்று கதவு தள்ளிக் குடியிருப்பவர். சாத்தூர்ப் பக்கத்துக்காரர். பக்கத்துத் தெரு கம்பெனியில் தைத்து வரும் பனியன்களில் பிசிறும் ஓட்டையும் பார்க்கும் செக்கிங் வேலை. அம்மாவை அக்கா என்பார். நான் அவரைச் சித்தி என்பேன்.

"ஏக்கா, இன்னைக்காவது ஆளு கெடைப்பாகளா?"

"உக்காரு. பாக்கலாம்."

அம்மா தன் போனை எடுத்து, ஒரு செல்போன் கம்பெனியின் கஸ்டமர் கேர் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு மிசின் பலகையில் வைத்தாள். ஒரு பெண் குரல் வணக்கம் சொன்னது. உங்கள் தேவையைச் சொல்லுங்கள் என்றது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பெடலை மிதித்தாள். மிசின் பத்து விநாடி ஓடியது. நிறுத்தினாள். குரல் மறுபடி கேட்டது. மறுபடி மிதித்தாள். "உங்களிடமிருந்து பதில் வரவில்லை. அழைத்ததற்கு நன்றி." இணைப்பு அறுந்தது.

"முன்னெல்லாம் மூணு தடவை மிதிச்சா ஆள் வந்துருவாங்க. ஒரு மாசமா மசிய மாட்டேங்குது," என்றாள் அம்மா.

எனக்குக் காரணம் தெரியும். இடுக்கியைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கருத்தம்மாவுக்கு வேண்டியது ஒரு எண். அவருடைய பழைய எண். மகன் அருண்பாண்டி முதல் சம்பளத்தில் அவர் பேரிலேயே வாங்கித் தந்த சிம். மூன்று வருடத்துக்கு முன் அப்பா குருசாமியோடு பேச்சு தடித்து அவன் வீட்டை விட்டுப் போனான். எங்கே இருக்கிறான் என்று தெரியாது. வருடத்துக்கு இரண்டு முறை அம்மாவுக்கு மட்டும் கூப்பிடுவான். ஒவ்வொரு முறையும் வேறு போன். திரும்பக் கூப்பிட்டால் ஏதாவது டீக்கடைக்காரர் எடுப்பார். அப்பாவின் எண்ணுக்குக் கூப்பிட மாட்டான். அவன் மனப்பாடமாக வைத்திருப்பது இந்த ஒரு எண்ணைத்தான்.

போன வருடக் கடைசியில் கருத்தம்மா, படுக்கையில் கிடந்த தன் தாயைப் பார்க்க ஊருக்குப் போனார். அங்கே போன் தண்ணீர்க் குடத்தில் விழுந்தது. ஐந்து மாதம் சிம் பெட்டியில் கிடந்தது. ரீசார்ஜ் இல்லாததால் கம்பெனி எண்ணை ரத்து செய்துவிட்டது. ரத்தான எண்ணைக் கொஞ்ச காலம் யாருக்கும் தராமல் வைத்திருப்பார்கள். பிறகு வேறு யாருக்காவது போய்விடும். எவ்வளவு காலம் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது.

"எம்புள்ள கூப்புட்டா, இந்த எண் உபயோகத்துல இல்லைங்கும். அவன் என்னன்னு நெனைப்பான்? ஆத்தா செத்துட்டான்னு நெனைப்பான்," என்றார் கருத்தம்மா. பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏத்தா சனோபரு, இந்தப் பொம்மையப் பேச வைக்கிறவளே நீதானாமே. ஒங்க ஆத்தாளுக்கு ஒரு ஆளப் புடிச்சுக் குடுக்கக் கூடாதா?"

"அது வேற டீம் சித்தி," என்றேன்.

"உடு கருத்தம்மா," என்றாள் அம்மா. "இவளுக்கு மேல ஏழு பேரு இருப்பாங்க. இவ பேச்ச ஆரு கேப்பா?"

வேறு டீம் இல்லை. என் டீம்தான்.

நான் கோயம்புத்தூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். மற்ற நிறுவனங்களின் கஸ்டமர் கேரில் தானாகப் பதில் சொல்லும் குரலை நாங்கள் செய்து கொடுக்கிறோம். எங்கள் வேலையை ஒரே எண்ணிக்கையால் அளப்பார்கள். நூறு அழைப்பில் எத்தனை, மனிதரிடம் போகாமலே முடிந்தது என்பது. அது கூடினால் நல்லது. அழைத்தவரின் பிரச்சினை தீர்ந்ததா என்பதற்கு வேறு ஓர் எண்ணிக்கை உண்டு. அதை மாதக் கூட்டத்தில் கடைசிப் பக்கத்தில் காட்டுவார்கள். பெரும்பாலும் அதற்குள் நேரம் முடிந்துவிடும்.

அந்தச் செல்போன் கம்பெனியின் குரலில் ஒரு விதி இருந்தது. அழைத்தவர் பேசுவது மூன்று முறை புரியாவிட்டால் மனிதருக்கு மாற்றிவிடு. அந்த ஞாயிறுக்கு இரண்டு மாதம் முன்பு தரவைப் பார்த்தபோது, திருப்பூர் வட்டாரத்திலிருந்து வரும் அழைப்புகளில் பாதிக்குமேல் இந்த விதியால் மனிதரிடம் போவது தெரிந்தது. வேறெந்த ஊரிலும் அப்படி இல்லை. ஒலியை நாங்கள் கேட்கக் கூடாது. வரைபடமாகத்தான் பார்ப்போம். எல்லா அழைப்பிலும் ஒரே உயரத்தில் ஒரு மேடு. ஏதோ இயந்திரச் சத்தம் என்று குறித்துக்கொண்டேன். அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்கி வளர்ந்தவள் நான். வரைபடத்தில் எனக்கு அது அடையாளம் தெரியவில்லை.

சத்தத்தை வடிகட்ட ஒரு நிரல் எழுதினேன். இரண்டு வாரம் ஆனது. சத்தம் போய்விட்டால் மிச்சம் மௌனம். மௌனமாக இருப்பவருக்கு நன்றி சொல்லி வைத்துவிட வேண்டும். அதோடு இன்னொரு மாற்றமும் போனது. பேச்சு புரியாவிட்டால் இனி மனிதருக்கு மாற்றாமல், குறுஞ்செய்தியில் ஓர் இணைப்பை அனுப்பி முடித்துவிடும். அது என் முடிவு இல்லை. எழுதியது நான். திருப்பூர் எண்ணிக்கை ஒரே மாதத்தில் சரியானது. மேலாளர் எல்லோருக்கும் அனுப்பிய மின்னஞ்சலில் என் பெயர் இருந்தது. அதை அத்தாவுக்கு, என் அப்பாவுக்கு, போனில் படித்துக் காட்டினேன். அம்மாவும் பக்கத்தில் இருந்து கேட்டாள்.

அந்த ஞாயிறு அம்மா பெடலை மிதித்தபோதுதான் வரைபடத்தின் மேடு என்ன என்று தெரிந்தது. இன்னொன்றும் எனக்குத் தெரியும். மனிதரிடம் போக ஒரே ஒரு வழியை விட்டு வைத்திருந்தோம். வேறு கம்பெனிக்கு மாறப் போகிறேன் என்று சொன்னால் போதும். போகிற வாடிக்கையாளரைப் பிடித்து நிறுத்த மனிதர்கள் தயாராக உட்கார்ந்திருப்பார்கள். அதை அம்மாவிடம் சொல்ல ஒரு நிமிடம் ஆகியிருக்காது. சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டும். அடுத்த ஞாயிறு சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு வேலை இருந்தது, வரவில்லை.

அம்மாவின் பெயர் சபுரா பீவி. பிறந்தது மடத்துக்குளம். எட்டாவது வரை படித்தவள். அத்தா ராஜா முகமது திருப்பூரில் கட்டிங் மாஸ்டர். அவரைக் கட்டிக்கொண்டு மண்ணரைக்கு வந்து, பழைய ஓவர்லாக் மிசின் ஒன்று வாங்கிப் போட்டாள். சின்னக் கம்பெனிகள் வெட்டின துணியை மூட்டையாகக் கொண்டுவந்து போடும். பனியனின் இரண்டு பக்கத் தையல் மட்டும் அம்மாவுடைய வேலை. இருபத்தெட்டு வருடம் பக்கத் தையல்தான் போட்டாள். கழுத்தோ கையோ அவள் தைத்துப் பார்த்ததில்லை.

கஸ்டமர் கேர் வேலை தற்செயலாகத்தான் வந்தது. நான் கல்லூரியில் சேர்ந்த வருடம் எங்கள் ஃப்ரிட்ஜ் கெட்டது. அத்தா கம்பெனிக்குப் போன் போட்டு, ஆறு நிமிடம் பாட்டு கேட்டுவிட்டு, எரிச்சலில் வைத்துவிட்டார். அம்மா அதே எண்ணைப் போட்டு, போனை மிசின் பக்கத்தில் வைத்துவிட்டுத் தைக்க ஆரம்பித்தாள். ஐம்பத்திரண்டு நிமிடம் கழித்து ஆள் வந்தது. அதற்குள் நாலு டஜன் முடித்திருந்தாள்.

"காத்துக் கெடக்கறதுக்குத் தனியா நேரம் எதுக்குங்க?" என்று அத்தாவைக் கேட்டாள். "கை பாட்டுக்கு ஓடிட்டுத்தான இருக்குது."

இது லைன் முழுக்கப் பரவியது. கம்பெனிக்குப் போகிறவர்களுக்குப் பகலில் கஸ்டமர் கேரோடு பேச முடியாது. ஃப்ளோருக்குள் போன் கூடாது. இரவில் கூப்பிட்டால் காலை பத்து மணிக்கு மேல் அழைக்கச் சொல்லும். அதனால் காலை எட்டரைக்கு ஷிஃப்டுக்குப் போகும்போது போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். தைத்த துணி போடும் பிளாஸ்டிக் கூடைகளில் ஒன்று போன்களுக்கு ஆனது. சில நாள் ஏழெட்டுப் போன் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுச் சீட்டு ரப்பர் பேண்டால் கட்டியிருக்கும். கேஸ் வரவில்லை. பி.எஃப்பில் பிறந்த தேதி தப்பு. மிக்ஸி இரண்டே மாதத்தில் நின்றுவிட்டது. அம்மா ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததை எடுப்பாள். வாடிக்கையாளர் காத்திருக்கும்போது போடுகிற பாட்டுகள் எல்லாம் அவளுக்குத் தெரியும். பாட்டைக் கேட்டே எந்தக் கம்பெனி என்று அத்தா சொல்லிவிடுவார்.

"கம்பெனிக்காரன் இவளுக்குச் சம்பளம் குடுக்கோணும்," என்பார் அத்தா. "அவன் ஊட்டுப் பாட்ட இத்தன பேரு கேக்கறதே இவளாலதான்."

அம்மா சண்டை போட மாட்டாள். ஆள் வந்ததும் முதலில் பெயரைக் கேட்பாள். அடுத்து, "சாப்ட்டீங்களா?" என்பாள். எதிர்முனையில் தடுமாறுவார்கள். அவர்கள் பேச எழுதிக் கொடுத்திருப்பதில் அதற்குப் பதில் இல்லை. பிறகு பெரும்பாலும் உண்மையைச் சொல்வார்கள். இல்லம்மா, இன்னும் பிரேக் வரலை. அதற்கப்புறம் அந்த அழைப்பு வேறு மாதிரி போகும்.

ஒரு நோட்டு வைத்திருந்தாள். யார் போன், என்ன குறை, எத்தனை மணிக்கு, யார் பேசினார்கள், என்ன சொன்னார்கள். இரண்டாம் முறை கூப்பிடும்போது அதைப் பார்த்துச் சொல்வாள். "பதினோராந்தேதி மத்தியானம் மூணு மணிக்குப் பேசுனவங்க ரெண்டு நாள்ல ஆள் வரும்னாங்க. அவங்க நல்லாத்தான் சொன்னாங்க, மேல யாரோ மறந்துட்டாங்களாட்ட இருக்குதுங்க." யார் மேலும் பழி போடாமல் தப்பை எடுத்து முன்னால் வைக்க அவளுக்குத் தெரிந்தது.

சரி செய்துவிட்டோம் என்று கம்பெனி சொன்னதும் அவள் டிக் போட்டதில்லை. சிம் பிரச்சினை என்றால் தன் போனிலிருந்து அந்த எண்ணுக்குக் கூப்பிட்டு ரிங் போகிறதா என்று பார்ப்பாள். கேஸ் என்றால் சிலிண்டர் வீட்டுக்குள் வந்திருக்க வேண்டும். "அவங்க முடிஞ்சுதுன்னாப் போதுமா? மணி அடிக்கோணும்ல," என்பாள்.

இதற்கு யாரிடமும் எதுவும் வாங்கியதில்லை. அப்புசாமி என்ற டெலிவரி வேன் டிரைவர் மட்டும் விதிவிலக்கு. அவருடைய இன்வெர்ட்டர் புகார் நாலு மாதம் இழுத்து அம்மாவால் முடிந்தது. அதிலிருந்து ஊத்துக்குளிப் பக்கம் லோடு போனால் அரைக் கிலோ வெண்ணெய் வாங்கி வந்து வாசலில் வைத்துவிட்டு, மறுப்பதற்குள் வண்டியை எடுத்துவிடுவார். அம்மா அதை உருக்கி லைனில் நாலு வீட்டுக்குக் கொடுப்பாள்.

பெடல் வித்தையை அவள் கண்டுபிடித்தது இரண்டு வருடம் முன்பு, பேசும் குரல்கள் வந்த பிறகு. அது கேட்கிற கேள்விக்கு எந்தப் பதில் சொன்னாலும் சுற்றிச் சுற்றி அதே இடத்தில் விட்டது. ஒரு நாள் அவள் கவனிக்காமல் தைத்துக்கொண்டே இருந்துவிட்டாள். ஆள் வந்துவிட்டது. மறுநாளும் அப்படியே செய்து பார்த்தாள். மூன்றாம் நாள் லைனில் எல்லோருக்கும் சொன்னாள். அவர்கள் தங்கள் கம்பெனியில் சொன்னார்கள். மண்ணரையில், பிறகு ஊர் முழுக்க, வீட்டில் மிசின் வைத்திருக்கிற பெண்கள் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டுப் பெடலை மிதித்தார்கள். என் வரைபடத்தின் மேடு இவர்கள்தான்.

நூல் கோத்த ஞாயிறுக்கு ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை, விடியலில் ஃபஜ்ர் தொழுதுவிட்டு எழுந்தவள் நெஞ்சு அடைக்கிறது என்றாள். ஆட்டோ வரப் பத்து நிமிடம். ஆஸ்பத்திரி வாசலில் முடிந்துவிட்டது. ஐம்பத்து நான்கு வயது. நான் பஸ்ஸில் அவிநாசி தாண்டும்போது அத்தா கூப்பிட்டார். மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்.

அடுத்த மூன்று நாளும் கருத்தம்மா எங்கள் வீட்டில்தான் இருந்தார். வருகிறவர்களுக்கு டீ போட்டார். பாத்திரம் கழுவினார். எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கும் அது நினைவில் இல்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து அத்தா வந்து உட்கார்ந்திருந்தார். வாசலில் ஓர் ஒடிசாக்காரர் நின்றார். டையிங் சாயப்பட்டறையில் வேலை செய்பவர். ஒரு மாதம் ஊருக்குப் போய் அன்றுதான் திரும்பியிருந்தார். கையில் போன், ரப்பர் பேண்ட், சீட்டு.

"சாச்சி இல்லையா?" என்றார் தமிழில். அம்மாவை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

அத்தா எழுந்து போய் அந்தப் போனை வாங்கிக்கொண்டார். பழக்கத்தில் கூடைக்குள் வைத்தார். வைத்த பிறகுதான் தான் செய்தது அவருக்குப் புரிந்தது. நான் போய் விஷயத்தைச் சொன்னேன். ஒடிசாக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். போகும்போது போனைக் கேட்கவில்லை. நானும் எடுத்துக் கொடுக்கவில்லை.

அவர் போனதும் சீட்டைப் படித்தேன். எங்கே எழுதுவது என்று நோட்டைத் திறந்தேன். கடைசியாக எழுதிய பக்கம் கருத்தம்மாவுடையது.

பதினோரு வரிகள் ஒரே மாதிரி இருந்தன. தேதி, மணி, "நன்றி சொல்லி வெச்சிருச்சு." தேதி, மணி, "லிங்கு வந்துது, தொறக்கல." ஒரே நாளில் நாலு முறை முயன்றிருக்கிறாள். பன்னிரண்டாம் வரி, இறப்பதற்கு மூன்று நாள் முன்பு, சனிக்கிழமை.

"மத்தியானம் 2.10. வேற கம்பெனிக்குப் போறேன்னு சொன்னேன். உடனே ஆள். பேரு கிருத்திகா. சாப்டாச்சாம். நம்பர் இன்னும் ஆருக்கும் போகல. அடுத்த சனி வரைக்கும் வெச்சிருப்பாங்க. போன்ல ஆகாது, சிம் ஆரு பேருல இருக்குதோ அவங்க ஷோரூமுக்கு வரோணும். ஆதார் அசல், பழைய சிம். வியாழன் கருத்தம்மா லீவு போடுது. நானும் போகோணும்."

நான் மறைத்து வைத்த வழியை அவள் தானே கண்டுபிடித்துவிட்டாள். ஆறு நாள் ஆகியிருக்கிறது. நான் சொல்லியிருந்தால் ஒரு நிமிடம்.

அடுத்த சனி என்பது மறுநாள்.

கருத்தம்மா அடுப்படியில் இருந்தார். "சித்தி, வியாழக்கிழமை ஷோரூம் போகணும்னு இருந்ததா?" என்றேன்.

"இருந்துச்சு. அன்னைக்குத்தான மூணாம் நாள் ஃபாத்தியா. போகட்டும்த்தா, அது ஒரு நம்பருதான்."

"நாளைக்குக் கடைசி நாள்."

அவர் கையில் இருந்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். "தெரியும்," என்றார்.

சனிக்கிழமை ஒன்பதரைக்கு ஊத்துக்குளி ரோட்டில் இருக்கும் ஷோரூமில் நின்றோம். உள்ளே யாரும் வரவேற்கவில்லை. டோக்கன் தரும் மிசின் ஒன்று நின்றது. அது செல்போன் எண்ணைப் போடச் சொன்னது.

"நம்பர் இல்லைன்னுதானே இங்க வந்துருக்கேன்," என்றார் கருத்தம்மா மிசினிடம்.

பின்னால் நின்றவர் சிரித்தார். எண் போடாமல் டோக்கன் வராது. அம்மாவின் போன் என் பையில் இருந்தது. அவள் எண்ணைப் போட்டேன். பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். அன்புள்ள சபுரா பீவி, உங்கள் டோக்கன் 38.

அப்போது 19 நடந்துகொண்டிருந்தது. உட்கார்ந்தோம். கருத்தம்மா மடியில் ஒரு துணிப்பை. உள்ளே ஆதார், ஒரு தீப்பெட்டி. தீப்பெட்டிக்குள் பஞ்சில் சுற்றிய பழைய சிம்.

இருபத்து நாலாம் டோக்கன் நடக்கும்போது சொன்னேன். "சித்தி, அன்னிக்கு வேற டீம்னு சொன்னேன். பொய். அந்தக் குரல் நாங்க செஞ்சதுதான். மிசின் சத்தத்த எடுத்ததும் நான்தான்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. டோக்கன் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா அன்னைக்கே சொல்லிருச்சு. நீ கெளம்பிப் போனதும். 'அவ மொகத்தப் பாத்தியா, இவதான் என்னமோ பண்ணிருக்கா, கேட்டாச் சங்கடப்படுவா, உடு, நானே வழி பாக்கறேன்'ன்னுச்சு."

பலகையில் எண் இருபத்தைந்துக்கு மாறியது.

"கோவம் வந்துச்சுத்தா எனக்கு," என்றார். "இப்பவும் கொஞ்சம் இருக்கு. வேலை முடியட்டும், திட்டுறேன்."

பன்னிரண்டரைக்கு 38 வந்தது. கவுன்டரில் இருந்த பெண்ணின் சட்டையில் தமிழ்மதி என்று பெயர் குத்தியிருந்தது. விவரம் சொன்னோம். எண்ணைத் தட்டிப் பார்த்தார்.

"இருக்குதுங்க. இன்னிக்கு ராத்திரி வரைக்கும் காட்டுது. கைரேகை வெய்யுங்க."

கருத்தம்மா கட்டைவிரலை வைத்தார். கருவி சிவப்பு விளக்கு காட்டியது. ஆள்காட்டி விரல். சிவப்பு. அடுத்த கை. சிவப்பு. பத்து வருடமாக ஒரு நாளைக்கு ஆயிரம் பனியன் தடவிப் பார்த்த விரல்கள். ரேகை தேய்ந்திருந்தது. மூன்று முறை தப்பானதும் திரை பூட்டிக்கொண்டது. பிறகு முயலவும் என்றது.

கருத்தம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அம்மா என்ன கேட்பாள் என்பது மட்டும் தெரிந்தது.

"நீங்க சாப்ட்டீங்களா?" என்றேன்.

தமிழ்மதி நிமிர்ந்தார். "இல்லீங்க. உங்களோடதுக்கு அப்புறந்தான்." கொஞ்சம் சிரித்தார். பிறகு திரையில் ஏதோ திறந்து மூடினார். எழுந்து கவுன்டரைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார். தன் தண்ணீர் பாட்டிலில் கைக்குட்டையை நனைத்து, கருத்தம்மாவின் இடது மோதிர விரலைத் துடைத்து, ஈரம் போக ஊதி, தானே பிடித்துக் கருவியில் வைத்து அழுத்தினார்.

"மூச்ச உடாதீங்கக்கா, ஆடுது."

பச்சை.

புது சிம்மைக் கருத்தம்மாவின் புது போனில் போட்டுக் கொடுத்தார். உடனே வராது, அதிகபட்சம் இருபத்து நாலு மணி நேரம், நாளைக்கு மத்தியானத்துக்குள் சிக்னல் வந்துவிடும் என்றார். வராவிட்டால் கஸ்டமர் கேருக்குப் போன் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு அவரே ஒரு கணம் யோசித்தார். "இல்ல, நேர்ல எங்கிட்டயே வந்துருங்க," என்றார்.

ஷேர் ஆட்டோவில் திரும்பினோம். கருத்தம்மா போனைக் கையில் பிடித்தபடியே வந்தார். சிக்னல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி. மண்ணரை நிறுத்தத்தில் இறங்கும்போது, "வேலை முடிஞ்சுருச்சாத்தா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்ல சித்தி."

வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தேன். பன்னிரண்டாம் வரிக்குக் கீழே எழுதினேன். சனி, 12.50. தமிழ்மதி. சாப்பிடவில்லை. எண் கிடைத்தது. பக்கத்தில் டிக் போடும் இடத்தைக் காலியாக விட்டேன். கூடையில் ஒடிசாக்காரரின் போன் இருக்கிறது. அது திங்கட்கிழமை வேலை.

அம்மாவின் போனைச் சார்ஜில் போட்டேன். நாளை மத்தியானம் அதிலிருந்து கருத்தம்மாவின் எண்ணுக்கு ஒரு முறை கூப்பிட வேண்டும். மூன்று கதவு தள்ளித்தான் அவர் வீடு. மணி அடித்தால் இங்கேயே கேட்கும்.